கனகேஸ்வரி எடுத்த கடைசிப் படங்கள்

மேடையில் என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகளிர் மார்பக நலக் கழகத் தலைவர் திரு. சுகுமாறன் அவர்களே! மனைவியைப் பறிகொடுத்த நிலையிலும் வருகிறவர்களுக்கெல்லாம் எழுந்து எழுந்து கைகூப்பும் திரு. கேதீஸ்வரன் அவர்களே! அம்மாவின் படத்தைப் பார்க்க முடியாமல் தரையையே பார்த்துக்கொண்டிருக்கும் செல்வி ஜனகா அவர்களே! பூச்சோங்கிலிருந்தும் சுபாங் ஜெயாவிலிருந்தும், கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானிலிருந்தும் இந்த பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்து, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் சகோதரிகளே, சகோதரர்களே! எல்லாருக்கும் என் வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டேன். அடுத்த வரி எனக்கு வரவில்லை. மன்னியுங்கள். மேடையில் பேசுவது எப்போதும் கனகேஸ்வரிதான். பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "சீக்கிரம் முடி, சாப்பாடு ஆறுது" என்று சைகை காட்டுவது மட்டும்தான் என் வேலை. இன்று நான் பேசுகிறேன், அவர் மாலை போட்ட படத்துக்குள் இருக்கிறார். இதை எப்படி நம்புவது?

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் டாக்டர் சந்திரகலா. மார்பகங்களை எக்ஸ்ரே எடுக்கிறார்களே, மேமோகிராம், அந்தப் படங்களைப் படித்து, கோளாறு உண்டா இல்லையா என்று எழுதித் தருகிறவள். படங்களை எடுத்தவர் ரேடியோகிராஃபர் கனகேஸ்வரி. ஒரே கதவு. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். என் தலை நரைக்கத் தொடங்கியதும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான், அதை முதலில் பார்த்துச் சிரித்ததும் அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் போனில் "கனகா" என்று பெயர் வந்தது. "என்ன கனகா, இன்னைக்குமா? என்னை நிம்மதியாத் தோசை சாப்பிட விடமாட்டியா?" என்றேன். பேசியது கேதீஸ்வரன் ஐயா. "டாக்டர், கனகா போயிட்டா" என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எங்க?" என்று கேட்டேன். எங்கே போனார் என்று கேட்டேன்! எத்தனையோ குடும்பங்களை உட்காரவைத்துக் கெட்ட செய்தி சொன்னவள் நான். எனக்கென்று ஒரு செய்தி வந்தபோது தமிழ்கூடப் புரியவில்லை.

முந்தின நாள் மாலை வரைக்கும் அவர் ஓடிக்கொண்டிருந்தாரே! சனிக்கிழமை வேன் வந்த நாள். போர்ட் கிள்ளானிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு எங்கள் மையத்துக்கு வரும் கழகத்து வேன். கடைசிப் பெண்ணை அனுப்பிவிட்டு, என் அறைக்குள் எட்டிப்பார்த்து, "டாக்டர், இன்னைக்குப் படமெல்லாம் பளிச்சுன்னு வந்திருக்கு, கண்ணாடியத் தொடச்சிட்டுப் படிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது.

கனகேஸ்வரி யார் என்று இங்கே யாருக்குச் சொல்ல வேண்டும்? ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கு ஆறும்.

கழகம் முதன்முதலாக வேன் விட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேன் நிறைய வந்தார்கள். உடை மாற்றும் அறை வரைக்கும் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் வந்த வழியே வெளியேறிவிட்டார்கள்! பயமா, வெட்கமா என்று நாங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். கனகா காரணம் பேசவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினார். அங்கே நின்றவர் அஞ்சம்மாள். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் டிப்போ கேன்டீனில் ரொட்டி சானாய் போடுகிறவர். உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டிருப்பீர்கள். அவர் சொன்னார்: "நகையெல்லாம் கழட்டுன்னு போர்டு போட்டிருக்கீங்களே, என் புருசன் குத்துக்கல்லாட்டம் வீட்ல இருக்காரு. அவரு இருக்கும்போது கழுத்துத் தாலிய எறக்குவேனா? போங்க லா!"

கனகா சிரிக்கவும் இல்லை, பாடம் நடத்தவும் இல்லை. "யாரு எறக்கச் சொன்னா? எனக்கு வேண்டியது முன்பக்கம். தாலிய முதுகுப் பக்கம் தள்ளி, டேப் போட்டு ஒட்டிடுறேன். கழுத்த விட்டு எறங்காது. நான் பொறுப்பு" என்றார். அவ்வளவுதான்! வேன் நிறைய வந்தவர்களில் பாதிப் பேர் ஓடியதற்கு மருந்து ஒரு துண்டு டேப். மறுநாளே அந்தப் பலகைக்குக் கீழே தமிழில் எழுதி ஒட்டினார்: "தாலியைக் கழற்ற வேண்டாம். கனகாவிடம் சொல்லுங்கள்." அந்தக் காகிதம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைக் கிழிக்க யாருக்குக் கை வரும்?

வேனில் அவர் எடுக்கும் வகுப்பை மறக்க முடியுமா? உலர்திராட்சை போட்ட ரொட்டி ஒன்றை முழுசாகக் கையில் வைத்துக்கொள்வார். "மேலேருந்து பாருங்க, உள்ள திராட்சை எங்க இருக்குன்னு தெரியுதா? தெரியாது. அந்தக் காலத்து மேமோகிராம் அப்படித்தான். இப்ப வந்திருக்கிற முப்பரிமாணப் படம், ரொட்டிய ஸ்லைஸ் ஸ்லைஸா வெட்டிப் பார்க்கிற மாதிரி. ஒளிஞ்சிருக்கிற திராட்சையும் மாட்டிக்கும்" என்பார். சொல்லி முடித்ததும் ரொட்டியை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். பாடம் மறந்தாலும் ரொட்டி மறக்காது என்று கணக்குப் போட்டவர் அவர்.

சில பெண்களுக்கு மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். அடர்த்தியும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடுகிற பாடு எங்களுக்கு. அப்படிப்பட்டவர்களுக்கு அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். "ரிசல்ட் வாங்கும்போது சும்மா தேங்க்யூ சொல்லிட்டு ஓடிடாதீங்க. என் மார்பகம் அடர்த்தியான்னு கேளுங்க. கேட்டா டாக்டர் கடிக்க மாட்டாங்க" என்று என்னைக் காட்டிச் சொல்வார். இப்போது சில மையங்களில் கம்ப்யூட்டரும் படத்தைப் படித்து, சந்தேகமான இடத்தில் குறி போடுகிறது. எங்கள் கண்ணுக்குத் தப்பியதை அது பிடிப்பதும் உண்டு, அது தேவையில்லாமல் பயந்ததை நாங்கள் தள்ளுவதும் உண்டு. "டாக்டர், அது டீ கேக்காது, லீவு கேக்காது. உங்க பாடு கஷ்டம்தான்" என்று கிண்டல் செய்வார். சரி கனகா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ் ஸ்டாப் வரைக்கும் வெறுங்காலோடு ஓட எந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும்?

யாராவது "பயமா இருக்கு அக்கா" என்றால் அவரிடம் ஒரே பதில்தான். "பயமா இருக்கா? பயத்தையும் கூட்டிட்டு வாங்க. வேன்ல இடம் இருக்கு." வேனின் முன் சீட்டு யாருக்கு? தலைவருக்கா? செயலாளருக்கா? அதிகம் பயப்படுகிறவருக்கு! ஓட்டுநர் பக்தவத்சலம் அண்ணனின் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தால் பயப்பட நேரம் இருக்காது என்பது கனகாவின் கண்டுபிடிப்பு. செயலாளர் கனகேஸ்வரி கடைசி வரிசையில் ரொட்டிப் பையோடு உட்கார்ந்து வருவார்.

அன்பர்களே! இனி நான் சொல்லப்போவது இரங்கல் கூட்டத்தில் சொல்கிற பேச்சு அல்ல என்று சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் இருக்கிறது. அதிர்ச்சியும் இன்னும் அடங்கவில்லை.

தகனத்துக்கு மறுநாள் வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டரைத் திறந்தேன். சனிக்கிழமைப் படங்கள் எனக்காகக் காத்திருந்தன. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் எடுத்தவரின் பெயர் எழுத்துகள் இருக்கும். கனகேஸ்வரியின் எழுத்துகள்! முந்தின நாள் நான் சாம்பலாகப் பார்த்தவர் எடுத்த படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால். அவர் சொன்னபடி கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துத் துடைத்துப் பார்த்தும் மங்கலாகவே இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து படித்தேன்.

அந்தப் படங்களில் ஒன்றில் வெள்ளைப் புள்ளிகள். பொடிப்பொடியாக, ஓரிடத்தில் கூடி. முகப்பவுடர் அக்குள் வரைக்கும் சிந்தியிருந்தால் இப்படித் தெரிவதுண்டு, வாசனை ஸ்ப்ரேயும் அப்படித்தான். அதனால்தான் படம் எடுக்கும் நாளில் அவற்றைப் போடாதீர்கள் என்று சொல்கிறோம். ஆனால் கனகா ஈரத்துணியால் துடைக்காமல் யாரையும் மெஷின் பக்கம் விட்டதில்லை. நம் பெண்கள் பவுடர் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா? கனகா துடைத்திருப்பார். ஆகவே என்னால் அதைப் பவுடர் என்று தள்ள முடியவில்லை. இன்னும் சில படங்கள் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன்.

அந்தச் சகோதரி யார் என்று சொல்லமாட்டேன். வேனில் வந்தவரா, தானாக வந்தவரா, அதையும் சொல்லமாட்டேன். அன்று பலரும் வந்தார்கள். தயவுசெய்து பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காதீர்கள். மறுபடி வரச்சொன்னால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அப்படி வரச்சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் பார்க்காமல் ஒன்றுமில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

அவருக்குப் போன் போட்டோம். வரமாட்டேன் என்றார். நானே பேசினேன். "டாக்டர், அந்த மெஷின் முன்னாடி நான் நிக்கமாட்டேன். கனகா அக்காவையே தின்னுடுச்சே!" என்றார். போனை வைத்துவிட்டார். அடுத்த வேனுக்குப் பெயர் கொடுத்த பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வேண்டாம் என்றார்கள். வேன் காலி! கனகா ஒரு சீட்டைக்கூடக் காலியாக விட்டதில்லையே! அவர் போன சூடு ஆறுவதற்குள் வேன் காலி!

எப்படி வந்தது இந்தப் பேச்சு? கேளுங்கள். பெட்டியில் கனகாவைக் கிடத்தியிருந்தபோது, அவருக்குப் பிடித்ததையெல்லாம் கூட வைத்தார்கள். பட்டுப்புடவை, மல்லிகை, சாமி படம். வேலைக்குப் போகும்போது அம்மா இது இல்லாமல் போனதில்லையே என்று, ஜனகா ஒரு சின்ன பேட்ஜை எடுத்து அம்மாவின் புடவையில் குத்திவிட்டாள். எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிற எல்லாரும் அணிகிற பேட்ஜ் அது. தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அஞ்சம்மாள் கேட்டார், "இது என்னங்க?" கேதீஸ்வரன் ஐயா சொன்னார், "உடம்பில எவ்வளவு கதிர் பட்டது எண்டு அளக்கிறது." உண்மை. பெட்டி மூடும் நேரத்தில் நான் போய் அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதுவும் உண்மை. ஏன் கழற்றினேன்? அதை எரிக்கக் கூடாது, அளவு பார்க்கிற ஆய்வுக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும், அதற்காக.

அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. "அக்கா தங்கச்சி எல்லாரும் கேளுங்க. நம்ம கனகா நெஞ்சுல கதிர் அளக்கிற பட்டையக் குத்தியிருந்தாங்க. பொட்டி மூடுறப்போ ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து அதப் பிடுங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. என் கண்ணால பார்த்தேன். ஏன் பிடுங்கணும்? அந்த மெஷின்தான் கனகாவக் கொன்னுடுச்சு. யாரும் போகாதீங்க லா, யாரும் போகாதீங்க." அழுதுகொண்டே பேசியிருக்கிறார். பேசியவர் அஞ்சம்மாள்.

அவர் அனுமதி தந்ததால்தான் பெயரைச் சொல்கிறேன். நேற்று என்னைத் தேடி வந்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். "என் பேரச் சொல்லுங்க டாக்டர். நான்தானே பேசினேன், என் பேரச் சொன்னாத்தான் நம்புவாங்க" என்றார். அஞ்சம்மாள் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததெல்லாம் உண்மை. பார்த்ததைக் கூட்டியதில்தான் பிசகிவிட்டது. கனகாமேல் அவருக்கு இருந்த பாசத்தில் பாதிகூட இல்லாதவர்கள் அதை ஊரெல்லாம் அனுப்பினார்கள். அவர்கள்மேல்தான் என் கோபம்.

இப்போது கேளுங்கள். அந்த பேட்ஜின் அளவு வந்துவிட்டது. அவசரம் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். கருவியால் கண்டுபிடிக்க முடிகிற ஆகக் குறைந்த அளவு ஒன்று உண்டு. கனகாவின் அளவு அதற்கும் கீழே! அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே அப்படித்தான். படம் எடுக்கிற அந்த நொடியில் அவர் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பார். சரி, முன்னால் நிற்கிற உங்களுக்கு? வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் இயற்கையாக வருகிற கதிர், நாம் சும்மா இருந்தாலே நம்மேல் படுகிறது. சில வாரங்களில் அப்படிப் படுகிற அளவுதான் ஒரு மேமோகிராமில் படுவது. அழுத்தும்போது வலிக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் வந்தால் வலி குறையும். தின்றுவிடாது. எந்த மெஷினும் யாரையும் தின்னவில்லை.

அப்படியானால் கனகேஸ்வரி எப்படிப் போனார்? குடும்பத்தின் ஒப்புதலோடு சொல்கிறேன். மாரடைப்பு. அவருக்குப் புற்றுநோய் கிடையாது, வருடா வருடம் அவர் படத்தைப் படித்தவள் நான். சனிக்கிழமை வேனில் திரும்பும்போது தாடை வலிக்கிறது, நெஞ்சு கரிக்கிறது என்றிருக்கிறார். "கிளினிக்குக்கு விடவா?" என்று பக்தவத்சலம் அண்ணன் கேட்டிருக்கிறார். "காஸ்ட்ரிக் லா அண்ணே, ஓமத் தண்ணி குடிச்சா சரியாப் போயிடும்." காஸ்ட்ரிக்! நம் வீடுகளில் எல்லா நெஞ்சு வலிக்கும் நாம் வைத்திருக்கிற ஒரே பெயர்! மறுநாள் காலையில் ஐயா பாசாருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அடுப்படியில் விழுந்துகிடந்தார். புட்டு அவிந்துகொண்டிருந்ததாம். அண்ணே, நீங்கள் தலை குனியாதீர்கள். நீங்கள் கேட்டீர்கள். அவர்தான் கேட்கவில்லை.

ஊருக்கெல்லாம் "தள்ளிப்போடாதீங்க" என்று சொன்ன வாய் அது! எத்தனை பெண்களின் நெஞ்சைப் பத்திரமாகப் பார்த்தவர், தன் நெஞ்சைப் பார்க்கவில்லை! எனக்கு ஆறவில்லை, ஐயா. எனக்கு ஆறவே இல்லை. அவர் இப்போது எழுந்து வந்தால் முதலில் கட்டிக்கொள்வேனா, கன்னத்தில் ஒன்று வைப்பேனா, தெரியவில்லை.

சகோதரிகளே, அவர் இருந்திருந்தால் இன்று சொல்லியிருக்கக்கூடியதைத்தான் நான் சொல்ல முடியும். நாற்பது வந்துவிட்டால் உங்கள் டாக்டரிடம் பேச்சை எடுங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் நாற்பதுக்கும் காத்திருக்காதீர்கள். போன வருடம் படம் நன்றாக இருந்தது என்பதற்காக, இன்று கைக்குத் தட்டுப்படுகிற கட்டியை அடுத்த வருடம் வரைக்கும் வைத்திருக்காதீர்கள். நல்ல படம் அன்றைக்கு மட்டும்தான் உத்தரவாதம். தீபாவளி முடியட்டும், தைப்பூசம் முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று சொல்லாதீர்கள். தாடை வலித்து, நெஞ்சு கரித்தால் ஓமத் தண்ணீரைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கழகத்தின் சார்பில் நான் உறுதி சொல்கிறேன். வேன் நிற்காது. வருகிற சனிக்கிழமை காலை, எப்போதும் நிற்கிற அதே இடத்தில் நிற்கும். கடைசி வரிசையில், கனகா உட்கார்ந்த இடத்தில் நான் உட்காருவேன். ரொட்டி ஜனகா கொண்டு வருவாள். அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. டேப் என் பையில் இருக்கும். முன் சீட்டு வழக்கம்போல, அதிகம் பயப்படுகிறவருக்கு. யார் வந்து உட்கார்ந்தாலும், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. நான் சொல்கிற அந்தச் சகோதரி இந்த மண்டபத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள், அம்மா. கனகா தன் கையால் எடுத்த கடைசிப் படங்களில் ஒன்று உங்களுடையது. அன்றைக்கே நெஞ்சு வலியோடு நின்றுதானோ எடுத்தார், எனக்குத் தெரியாது. அந்தப் படத்தைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அவரைத் தனியாகக் கை தூக்கச் சொல்லமாட்டேன். எல்லாரையும் கேட்கிறேன். சனிக்கிழமை யார் வருகிறீர்கள்?

அஞ்சம்மாள்... தெரிகிறது, கையைக் கீழே போடுங்கள், வலிக்கப் போகிறது. சுவரோரத்தில் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒருவர். அங்கே இரண்டு பேர், யாரது, தூணுக்குப் பக்கத்தில்? சரி. சரி, அம்மா. அழாதீர்கள். எண்ண வேண்டாம் தலைவரே, விட்டுவிடுங்கள்.

நான் தேடுகிற கை இதில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடைத்துக்கிடந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது, அதை மட்டும் சொல்கிறேன்.

பக்தவத்சலம் அண்ணே, தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஒரு வேன் பத்தாது.